வீடு இல்லை என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்காரவைத்த மாதிரி இப்போது உங்களை உட்காரவைக்க முடியாது. ஆனாலும் நாலு வரி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகாதீர்கள். முழுசாகப் படித்துவிட்டு, பிறகு திட்டுவதானால் திட்டுங்கள்.

நான்கு நாட்களாக நம் குழுக்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மீஞ்சூர், அத்திப்பட்டு, பழவேற்காடு பக்கத்து மக்கள் யாரும் வட மாநிலத்தவருக்கு வீடு வாடகைக்கு விடக்கூடாதாம், கடையில் கடன் கொடுக்கக்கூடாதாம், வேலைக்குக் கூப்பிடக்கூடாதாம். எழுதியவர் பெயர் இல்லை. கீழே மட்டும் "தமிழனாக இருந்தால் பகிரவும்" என்று இருக்கிறது. ஐந்து குழுக்களில் எனக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒன்று நம் குடும்பக் குழு. அனுப்பியவர்களில் மூன்று பேருக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தி வைப்பதால் நமக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. லாபம் எல்லாம் அவனைக் கூட்டிவந்தவனுக்கு. அவனை ஊருக்குள் சேர்த்துக்கொண்டால், அதாவது பெயர், பதிவேடு, நியாயக் கூலி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், நாலு வார்த்தை தமிழ் என்று கொடுத்தால், அதில் அவனுக்கு எவ்வளவு நன்மையோ அவ்வளவு நமக்கும் நன்மை.

இப்போது விவரத்துக்கு வருகிறேன்.

2025-ஆம் வருடம் நம் சுற்றுவட்டாரத்தில் நடந்த மூன்று விஷயங்களை நினைவுபடுத்திப் பாருங்கள்.

செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் தங்கியிருந்த குடியிருப்பில் விழுந்து இறந்துபோனார். இழப்பீடு கேட்டுக் கூட வேலை செய்தவர்கள் கூடினார்கள். கல்வீச்சு நடந்தது. போலீஸ் தடியடி, கண்ணீர்ப்புகை, கைது என்று முடிந்தது.

அதே மாதம் 30-ஆம் தேதி வாயலூர் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அனல் மின் நிலையத்தில் உயரத்தில் இருந்த இரும்புச் சாரம் சரிந்தது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அசாமிலிருந்து வந்த பிள்ளைகள்.

டிசம்பர் கடைசியில் நம் மாவட்டத்துத் திருத்தணியில், வட மாநிலத் தொழிலாளி ஒருவரை நான்கு சிறுவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியதை அவர்களே படம் பிடித்துப் பரப்பினார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள்.

இந்த மூன்றில் நம் குழுக்களில் அதிகம் சுற்றியது எது என்று நினைக்கிறீர்கள்? காட்டுப்பள்ளிக் கல்வீச்சு. "பார்த்தீர்களா, போலீஸையே அடிக்கிறான், நாளைக்கு நம் வீட்டுக்குள் வருவான்" என்று அடிக்குறிப்போடு வந்தது. கல் எறிந்தது தப்பு. வழக்குப் போட்டார்கள், கோர்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர் மின்சாரத்துக்காக ஒன்பது பேர் செத்த அன்று நம் குடும்பக் குழுவில் ஆயுத பூஜை வாழ்த்துப் படங்கள்தான் வந்தன. ஓர் இரங்கல் வரி கூட இல்லை. திருத்தணிச் சம்பவத்துக்கு ஒருவர், நம் உறவினர்தான், சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். நான்கு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அரிவாளை எடுத்துக் கொடுத்தது யார் என்று போலீஸ் கண்டுபிடிக்கட்டும். அவனை வெட்டினால் சிரிக்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தைக் கொடுத்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டாம்.

அந்தச் சிரிப்பு ஒரு சொல்லில் தொடங்குகிறது. 'வடக்கன்'. திசையைச் சொல்வதுதானே, இதில் என்ன தப்பு என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். தம்பி, அசாம் எந்தத் திசையில் இருக்கிறது? நான் தேசப்படத்தைச் சுவரில் மாட்டிக் காட்டியிருக்கிறேனே! ஒடிசா எங்கே, ஜார்க்கண்ட் எங்கே? திசையைச் சொல்வதற்காக அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. இத்தனை வேறு வேறு ஊர், வேறு வேறு மொழி ஆட்களையும் ஒரே முகமாக்கி, பெயர் கேட்க வேண்டிய வேலையை மிச்சப்படுத்துவதற்காகச் சொல்கிறோம்.

சொல் என்றால் நமக்கும் நிறையச் சொல் விழுந்திருக்கிறது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தை உண்டாக்கிய தமிழனுக்கு அங்கே கிடைத்த பட்டம் 'கள்ளத்தோணி'. நான்கு தலைமுறை அந்த மண்ணில் உழைத்தவர்களை 1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு நாடற்றவர் ஆக்கினார்கள். அந்தச் சட்டத்துக்குச் சொன்ன காரணங்களைப் படித்துப் பாருங்கள். இவர்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்ல, இவர்களால் ஓட்டு மாறிவிடும், நம் வேலை போய்விடும். நம் வாட்ஸ்அப் செய்தியை அப்படியே சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்தது போல இருக்கும்.

1966-இல் பம்பாயில் சிவசேனை தொடங்கியபோது முதலில் குறிவைத்தது யாரை? 'மதராசி'யை. ஆபீஸில் டைப் அடித்தவனையும் இட்லிக்கடை வைத்தவனையும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூரில் தமிழர் குடியிருப்புகளுக்கு என்ன நடந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவு இருக்கும். காவிரியில் தண்ணீர் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் யாரோ. அடி வாங்கியது கூலி வேலைக்குப் போன தர்மபுரிக்காரனும் சேலத்துக்காரனும்.

பழையது எதற்கு என்பீர்கள். சரி, இன்னும் பழையது ஒன்று சொல்கிறேன், அது நம் ஏரிக்கரையில் நடந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையைச் சுற்றுலாவாகப் போய்ப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம். 1613-இல் அவர்கள் கோட்டை கட்டிய அந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்திலும் கடனிலும் சிக்கிய நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். அங்கே இறங்கியவர்களை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்களா?

அதே பழவேற்காட்டில் அரேபியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் வழி என்று சொல்லிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பேசும் தமிழைவிட நல்ல தமிழை நம்மில் எத்தனை பேர் பேசுகிறோம்? பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பாதிப்பேர் நம் சம்பந்திகள். எண்ணூரில் பர்மா நகர் என்று ஒரு பகுதி ஏன் இருக்கிறது? பர்மாவில் 1962-க்குப் பிறகு கடை கண்ணிகளை அரசுடைமையாக்கி, நம்மவர்களைக் கையை வீசிக்கொண்டு வரவைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ இன்றைக்கு வடசென்னையின் சொந்தச் சாப்பாடு. அதைச் சாப்பிடும்போது யாரும் "இது எந்த ஊர்க்காரன் சாப்பாடு" என்று கேட்பதில்லை.

"அவர்கள் எல்லாம் தமிழர்கள் டீச்சர், இவன் அப்படியா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது.

1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவு. ஆட்டு மந்தையைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் பலரை நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அங்கே அவர்கள் இந்தியாக்காரன். இங்கே வந்ததும் 'சிலோன்காரன்'. தமிழ்தான் பேசினார்கள், மாரியம்மனைத்தான் கும்பிட்டார்கள். ஆனாலும் வெளியாள். நமக்குப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி முகாமில் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறார்கள். 2021-இல் அரசு அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றது. பெயர் மாறியது நல்லதுதான். அங்கே பிறந்து, இங்கே படித்து, பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு மனுப் போட முடியாத நிலை மாறவில்லை. அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது நாம் பெண் கொடுத்தோமா, பெண் எடுத்தோமா? ஆக, மொழி ஒன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வோம் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஏழையாக வந்தவன் எந்த மொழி பேசினாலும் நம் கண்ணுக்கு வெளியாள்தான்.

இனி வேலைக்கு வருகிறேன். இதில் உங்கள் கோபம் நியாயமானது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம், வல்லூரில் ஒன்று, 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், அதற்குப் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும். ஒவ்வொன்று வரும்போதும் நம் ஜனங்களுக்குச் சொன்னது வேலை, வேலை, வேலை. காட்டுப்பள்ளிக் குப்பத்துக்காரர்கள் கடற்கரையில் இருந்த ஊரையே விட்டுக்கொடுத்தார்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. இறால் பிடித்த கை சும்மா இருக்கிறது. கிடைத்த வேலையும் ஒப்பந்த வேலை. அதை நிரந்தரமாக்கு என்று வருஷக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் அந்தப் பீகார்ப் பையனின் பங்கு என்ன? நிலத்தை எடுத்தது அவனா? ஆற்றில் சாம்பல் விட்டது அவனா? நிரந்தர வேலை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது அவனா? மறுத்தது அவனா?

"உள்ளூர்ப் பசங்க சோம்பேறி, அதான் வெளியாளைக் கூட்டிவருகிறோம்" என்று சில கான்ட்ராக்டர்கள் சொல்கிறார்கள். என்னிடம் படித்தவர்களிலும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். உண்மையான கணக்கு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உள்ளூர்ப் பையன் எட்டு மணி நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போவான். பி.எஃப். கேட்பான், இ.எஸ்.ஐ. கேட்பான். அவனுக்கு அடிபட்டால் ஊரே திரண்டு கேட்டில் வந்து நிற்கும். அசாம் பையன் உங்கள் ஷெட்டிலேயே தங்குகிறான், ராத்திரி பத்து மணிக்கு எழுப்பினாலும் வருவான். அடிபட்டால் கேட்க ஆள் இல்லை. அவன் உழைப்பு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அவனுக்கு இங்கே யாரும் இல்லை என்பதுதான்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். அவனுக்கு யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்கிற வேலையைத்தான் இந்த வாட்ஸ்அப் செய்தி செய்கிறது. வீடு கொடுக்காதே என்றால் அவன் ஷெட்டை விட்டு வெளியே வரமாட்டான். கடையில் கொடுக்காதே என்றால் மேஸ்திரி வைத்த விலைக்கு மேஸ்திரியிடமே வாங்குவான். பேசாதே என்றால் அவனுக்கு என்ன கூலி, எவ்வளவு பிடித்தம் என்று வெளியே யாருக்கும் தெரியாது. கான்ட்ராக்டர் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய காவலை நாம் இலவசமாகச் செய்துகொடுக்கிறோம். அவனுக்குக் குறைந்த கூலி இருக்கிறவரை உங்கள் பிள்ளைக்கு அந்த கேட்டில் நல்ல கூலி கிடைக்காது. இரண்டு பேருக்கும் ஒரே கூலி, ஒரே பி.எஃப். என்று ஆனால், ஆயிரம் மைல் தாண்டி ஆள் கூட்டிவருவதில் என்ன லாபம்?

இது என் கற்பனை இல்லை. வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். ஆள் கூட்டிவருகிறவனுக்கு உரிமம் வேண்டும். அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரனுக்குக் குறையாத கூலி கொடுக்க வேண்டும். போக வரச் செலவு, தங்க இடம், மருத்துவம், படத்தோடு ஒரு கணக்குப் புத்தகம், எல்லாம் சட்டத்தில் எழுதியிருந்தது. நம் பக்கத்தில் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்த தொழிலாளி ஒருவனை எனக்குக் காட்டுங்கள். இப்போது அந்தச் சட்டத்தையும் மற்றவற்றோடு சேர்த்துப் புதிய தொகுப்புச் சட்டமாக்கி 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டம் பழையதோ புதியதோ, கேட்க ஆள் இல்லாவிட்டால் காகிதம்தான்.

பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் பாடு முறை எதற்கு வைத்தார்கள்? எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொண்டால் கைகலப்பு இல்லை. சச்சரவு வந்ததெல்லாம் முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பசியோடு தண்ணீரில் இறங்கியபோதுதான். தொழிற்சாலை கேட்டிலும் அதே கணக்குத்தான். வருகிறவனை முறைக்குள் கொண்டுவந்தால் அவன் உங்களோடு நின்று கேட்பான். வெளியே தள்ளினால் உங்களுக்கு எதிராக அவனை நிறுத்துவார்கள்.

இனி நீங்கள் வழக்கமாகச் சொல்லும் மற்றக் காரணங்கள்.

"திருட்டு, போதை, பெண்களுக்குப் பாதுகாப்பில்லை." தப்புச் செய்தவன் எந்த ஊர்க்காரனானாலும் பிடித்துக் கொடுங்கள். நானும் பெண்தான், பெண்பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவள்தான். இதில் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் ஒருவன் செய்ததற்கு ஒரு மாநிலத்தையே குற்றவாளியாக்கினால் என்ன ஆகும் என்று நாமே பட்டிருக்கிறோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கேயோ எப்போதோ எடுத்ததை எல்லாம் தமிழ்நாடு என்று போட்டார்கள். ஹோலிக்குப் போனவர்கள் திரும்பி வரப் பயந்தார்கள். நம் போலீஸ் வழக்குப் போட்டது, பீகார் அரசு குழு அனுப்பிப் பார்த்தது, பொய் என்று தெரிந்தது. அப்போது நம் எல்லோருக்கும் எவ்வளவு கோபம் வந்தது! "எங்களை எல்லாம் கொலைகாரர்கள் என்கிறானே" என்று. அந்தக் கோபம் நியாயம் என்றால், அதே காரியத்தை நாம் திருப்பிச் செய்வது எப்படி நியாயம்? பாதுகாப்பு வேண்டுமென்றால் வழி இருக்கிறது. யார், எந்த ஊர், எங்கே வேலை என்று விவரம் வாங்கி முறையாக வீடு கொடுங்கள். பெயர் தெரிந்தவன் தப்புச் செய்ய யோசிப்பான். தகர ஷெட்டில் கணக்கில்லாமல் அடைத்து வைத்திருப்பதுதான் ஆபத்து.

இந்த இடத்தில் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரைப் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கி, எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ் விட்டுவிட்டு, "அவனுங்க சுத்தமே இல்லை" என்று சொல்லும் சிலர் நம் உறவிலேயே இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தை அந்த அறையில் ஒரு வாரம் வையுங்கள். சுத்தத்தைப் பற்றி எட்டாவது நாள் பேசுவோம்.

"ஓட்டு வாங்கிவிடுவான், நம் அரசியல் மாறிவிடும்." வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கலாம், அதுவும் அவர் சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில். 1950-ஆம் வருடத்துச் சட்டம் இது. மும்பை தாராவியில் தமிழன் ஓட்டுப் போடுவது இந்தச் சட்டத்தால்தான். பெங்களூரிலும் டெல்லியிலும் போடுவதும் இதனால்தான். பொய்ப் பெயர் சேர்த்தால் ஆட்சேபம் கொடுங்கள், அதற்குப் படிவம் இருக்கிறது. பத்து வருஷமாக இங்கேயே குடியிருந்து, இங்கே வரி கொடுத்து, பிள்ளையை இங்கே படிக்கவைப்பவன் ஓட்டுப் போட்டால் என்ன தப்பு? நம்மை அவன் மாற்றிவிடுவான் என்று பயப்படுகிறோமே, அவனை நாம் மாற்றலாம் என்ற நம்பிக்கை நமக்கு ஏன் இல்லை? இரண்டாயிரம் வருஷத்து மொழி என்று மேடையில் முழங்குகிறோம். பானிபூரி வண்டி வந்தால் அழிந்துவிடுமா?

"இந்தியைத் திணிக்கிறார்கள், இவனை வைத்து உள்ளே கொண்டுவருகிறார்கள்." இந்தித் திணிப்பை நானும் எதிர்க்கிறேன். அந்தச் சண்டை டெல்லியோடு. சாரத்தில் தொங்கி வெல்டிங் அடிக்கிறவனோடு எதற்கு? அவன் வீட்டில் பேசுவது போஜ்புரி, மைதிலி, சந்தாலி, ஒடியா, வங்காளி. இந்தி அவனுக்கும் பள்ளிக்கூடத்து மொழிதான். மொழியை இழப்பது என்றால் என்ன என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வான்.

"தமிழ் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறான்." இது என் பாடம், இதில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். யார் கற்றுக்கொடுத்தீர்கள்? பகலெல்லாம் மேஸ்திரி இந்தியில் அதட்டுகிறான். ராத்திரி ஷெட். கடைக்கு வந்தால் நம்மவர்களே "கித்னா, பச்சாஸ்" என்று அரைகுறை இந்தியில் பேசி முடித்துவிடுகிறோம். தமிழ் அவன் காதில் விழுவதே திட்டாகத்தான். அப்புறம் எங்கிருந்து கற்றுக்கொள்வான்?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்களில் என் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் முதல் மாதம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது மாதம் கபடியில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது மாதம் நம் பிள்ளைகள் பேசும் எல்லாக் கெட்ட வார்த்தையும் அவனுக்குத் தெரியும். ஆறாவது மாதம் பாடம் படித்தான். நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக 'வாயப்பயம்' என்று சொல்லிக்கொண்டிருக்க, அவன் 'வாழைப்பழம்' என்றான். ஏனென்றால் அவன் கற்றது புத்தகத் தமிழ். சிரித்தார்கள். பிறகு அவனைப் பார்த்து மூன்று பேர் 'ழ' சொல்லப் பழகினார்கள். அப்பாவுக்கு வேலை முடிந்ததும் ஒரு நாள் பையும் இல்லாமல் போய்விட்டான். மாற்றுச் சான்றிதழ் வாங்கக் கூட வரவில்லை. அவன் அடுத்துப் போன ஊரில் எந்த மொழியில் எந்த வகுப்பில் உட்கார்ந்தானோ, உட்கார்ந்தானோ இல்லையோ.

நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாப் பிள்ளைகளுக்குச் சூளையிலேயே வகுப்பு நடத்தி, ஒடியாப் புத்தகம் வரவழைத்துப் படிக்க வைத்த நல்ல காரியமும் நடந்திருக்கிறது. முடியாது என்பதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆனால் நானே ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போனபோது, "ஆதார் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பினார்கள். ஒரு மாதம் அலைந்தோம். அதற்குள் அந்தக் குழந்தை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் உட்கார்ந்துவிட்டது.

எல்லோரும் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பாதிப்பேர் நாலு வருஷம் உழைத்து ஊரில் தங்கச்சி கல்யாணத்தை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன நம் பிள்ளைகள் மாதிரிதான். போகிறவனை மரியாதையாக அனுப்புவோம். தங்குகிறவனை ஊர்க்காரனாக்குவோம். 2015-16-இல் தொழிலாளர் துறை எடுத்த கணக்கிலேயே தமிழ்நாட்டில் வெளி மாநிலத் தொழிலாளர்கள் பத்து லட்சத்துக்கு மேல். நம் வீடுகளில் பிள்ளைகள் ஒன்று, இரண்டோடு நின்றுவிட்டார்கள். அவர்களும் படித்து வெளிநாடு போகிறார்கள். நாளைக்கு நமக்கு முடியாமல் படுக்கும்போது தூக்கி உட்காரவைக்க வருவது ஜார்க்கண்ட் பெண்ணாக இருக்கலாம். அவளிடம் "வலிக்குது" என்று தமிழில் சொன்னால் புரிய வேண்டாமா?

செய்ய வேண்டியது என்ன என்று டீச்சர் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

1. வீடு வாடகைக்கு விடும் உறவுகளே, ஒப்பந்தம் எழுதி, அடையாள விவரம் வாங்கி, ஆள் கணக்கோடு கொடுங்கள். தலைக்கணக்கில் அடைக்காதீர்கள்.

2. ஒப்பந்தக்காரர்களாக இருக்கும் என் மாணவர்களே, கூலியை அவன் கணக்கில் போடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுங்கள். உயரத்தில் ஏற்றும்போது பெல்ட் மாட்டி ஏற்றுங்கள். வாயலூரை மறக்காதீர்கள்.

3. ரேஷன் கடையில் இருப்பவர்களே, 2020 அக்டோபரிலிருந்து ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. தகுதியான கார்டோடு கைரேகை வைக்க வந்தவனை "அடுத்த மாசம் வா" என்று அனுப்பாதீர்கள்.

4. பள்ளிக்கூடங்களில் வேலை செய்யும் என் மாணவிகளே, உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், என்ன மொழி பேசினாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேருங்கள். மறுத்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.

5. கடைக்காரர்களே, தமிழில் விலை சொல்லுங்கள், மெதுவாக. இரண்டு தரம் சொல்லுங்கள். அதுவும் தமிழ்த் தொண்டுதான்.

6. சங்கம் வைத்திருக்கும் தம்பிகளே, நிரந்தர வேலை கேட்டு அடுத்த முறை கேட்டில் உட்காரும்போது அவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். நிர்வாகத்துக்கு அதைவிடப் பயமான காட்சி வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பெரியவர், சின்னவர் யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. சிலேட்டு, பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகம் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். இந்தியோ வங்காளியோ தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் கூட இருந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவேன். பெயர் போட்டு எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அதையும் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மீஞ்சூர்